பூஜ்யம் காட்டும் கவுன்ட்டரை நம்பலாமா? லாக் கண்காணிப்பில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

சர்வர் லாகில் வரும் வரிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை இன்னொரு இயந்திரம் நெட்வொர்க் வழியாக வந்து எடுத்துக்கொள்ளும்படி வைப்பது பெரிய வேலை இல்லை. அரை நாளில் நிறுவிவிடலாம். சிக்கல் என்னவென்றால், இது கெட்டுப்போகும்போது சத்தம் போடுவதில்லை. வெப்சைட் விழுந்தால் யாராவது போன் செய்வார்கள். கவுன்ட்டர் நின்றுபோனால் திரையில் தட்டையான ஒரு கோடு மட்டும்தான் இருக்கும். பிழையே வராத நல்ல நாளிலும் அதே கோடுதான். இந்த இரண்டு பூஜ்யங்களையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையில் பாதி.

நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: டெபியன் அல்லது உபுண்டு சர்வர். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் எழுதும் ஆக்சஸ் லாக், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு முயற்சிகள் பதிவாகும் ஆத் லாக். இவற்றை கூகுளில் உருவான எம்டெயில் வரி வரியாக வாசித்து, நாம் எழுதிக் கொடுத்த விதிப்படி எண்ணி, 3903 போர்ட்டில் '/மெட்ரிக்ஸ்' என்ற பக்கத்தில் காட்டுகிறது. பிராமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் குறித்த இடைவெளியில் அந்தப் பக்கத்தை வந்து வாசித்துக்கொள்கிறது; இந்த வாசிப்புக்குப் பெயர் ஸ்க்ரேப், வாசிக்கப்படும் முகவரிக்குப் பெயர் டார்கெட். நீங்கள் வேறு கருவி வைத்திருந்தாலும் கோளாறுகள் பெரும்பாலும் இவைதான். பெயர்கள்தான் மாறும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஒரு லாக் வரி கிராஃபில் புள்ளியாவதற்குள் மூன்று கை மாறுகிறது. அப்ளிகேஷன் ஃபைலில் எழுதுகிறது. எம்டெயில் அதை வாசித்து எண்ணுகிறது. பிராமிதியஸ் அந்த எண்ணை எடுக்கிறது. எந்தக் கையில் நழுவியது என்று தெரியாமல் கான்ஃபிக்கைத் திருத்த ஆரம்பித்தால் இரவு முழுக்கப் போய்விடும். அதனால் நாமே ஒரு வரியை உள்ளே அனுப்பி, அதன் பின்னாலேயே போக வேண்டும்.

இதற்கு 'லாகர்' கட்டளை போதும். பாஸ்வேர்டு தவறிய எஸ்எஸ்எச் முயற்சியின் வரியை உண்மையான லாகிலிருந்து அப்படியே காப்பி எடுத்து, ஐபி முகவரியை மட்டும் 203.0.113.7 என்று மாற்றி அனுப்புங்கள். அந்த முகவரித் தொகுதி உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நிஜமான யாருடைய முகவரியோடும் குழம்பாது, பின்னால் தேடி எடுக்கவும் சுலபம். ஃபெசிலிட்டி (செய்தியின் வகை) 'ஆத்பிரிவ்' என்றும், டேக் (எழுதிய ப்ரோகிராமின் பெயர்) 'எஸ்எஸ்எச்டி' என்றும் கொடுக்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: உண்மையான வரியில் எஸ்எஸ்எச்டி என்ற பெயரை ஒட்டி சதுர அடைப்பில் ப்ராசஸ் எண் இருக்கும். லாகர் அதைத் தானாகப் போடாது. அதற்கென்று உள்ள ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், அடைப்பை எதிர்பார்க்கும் விதி உங்கள் சோதனை வரியைத் தள்ளிவிடும். இல்லாத பிழையைத் தேடி அலைவீர்கள்.

அனுப்பியதும் மூன்று இடத்தில் பாருங்கள். முதலில் லாக் ஃபைலின் கடைசி வரி. அடுத்து, அதே சர்வரில் இருந்தபடி கர்ல் கட்டளையால் லோக்கல்ஹோஸ்ட்டின் 3903 போர்ட்டைக் கூப்பிட்டு, கவுன்ட்டர் ஒன்று ஏறியதா என்று. கடைசியாக, ஒரு ஸ்க்ரேப் இடைவெளி கழித்து பிராமிதியஸில். எந்த இடத்தில் காணாமல் போகிறதோ, அதற்கு முந்தைய கையில்தான் கோளாறு.

## அறிகுறி: பிராமிதியஸில் டார்கெட் 'டவுன்' என்று சிவப்பாக இருக்கிறது

பிராமிதியஸின் டார்கெட்ஸ் பக்கத்தில் பிழைச் செய்தி எழுதியே இருக்கும். அதை முழுதாகப் படியுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், அந்த இயந்திரம் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. எம்டெயில் ஓடவில்லை, அல்லது 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சர்வரில் 'எஸ்எஸ்' கட்டளையால் கேட்கும் போர்ட்டுகளைப் பட்டியலிட்டால் 3903-க்கு எதிரே முகவரி தெரியும். 127.0.0.1 என்று இருந்தால் வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாது.

'டைம்அவுட்' அல்லது 'கான்டெக்ஸ்ட் டெட்லைன் எக்ஸீடட்' என்று வந்தால் வேறு கதை. வழியில் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போடுகிறார்கள். சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள், கிளவுடாக இருந்தால் செக்யூரிட்டி குரூப்பையும் பாருங்கள். இரண்டும் திறந்திருந்து, பக்கம் பிரவுசரில் மெதுவாகத் திறக்கிறது என்றால் பக்கமே பெருத்துவிட்டது. பிராமிதியஸ் வழக்கமாக 10 வினாடிதான் காத்திருக்கும். அந்தப் பெருக்கத்துக்குக் காரணம் கீழே 'மெமரி' பகுதியில் இருக்கிறது.

பிராமிதியஸை டாக்கர் கன்டெய்னருக்குள் (ப்ரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் சூழல்) ஓட்டுபவர்கள் டார்கெட்டாக லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதிவிட்டுத் தவிப்பதை நிறையப் பார்க்கலாம். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். சர்வரின் உண்மையான முகவரியைக் கொடுங்கள்.

அப்புறம், போர்ட்டைத் திறந்துவிடும் அவசரத்தில் ஊருக்கே திறந்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு கிடையாது. லேபிள்களில் (கவுன்ட்டரை வகைவகையாகப் பிரித்து எண்ண ஒட்டும் குறிப்புகள்) யூசர் பெயர், உள் முகவரி, பாதைகள் எல்லாம் இருக்கலாம். பிராமிதியஸ் இருக்கும் ஒரே முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். டாக்கர் தானே திறக்கும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிப் போய்விடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். விதி போட்டாயிற்று என்று நம்பாமல் வெளியிலிருந்து ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: பக்கம் திறக்கிறது, ஆனால் நம் கவுன்ட்டர் பூஜ்யம், அல்லது ஆளையே காணோம்

அதிகமாக வரும் புகார் இதுதான். காரணங்களும் இங்கேதான் அதிகம்.

முதலில் விதி லோட் ஆனதா என்று பாருங்கள். எம்டெயிலின் முகப்புப் பக்கத்தை பிரவுசரில் திறந்தால் ஒவ்வொரு விதி ஃபைலின் நிலையும் பிழையோடு தெரியும். மெட்ரிக்ஸ் பக்கத்திலும் 'ப்ராக்_லோட்_எரர்ஸ்_டோட்டல்' என்று ஒரு எண் இருக்கும். அது பூஜ்யத்துக்கு மேல் என்றால் விதியில் எழுத்துப்பிழை. விதியில் லாக் வரியைப் பொருத்திப் பார்க்கும் வடிவத்துக்கு ரெகெக்ஸ் என்று பெயர்; பெர்ல் மொழியில் பழகியவர்கள் அதில் லுக்-அஹெட், பேக்-ரெஃபரன்ஸ் எல்லாம் போட்டு எழுதுவார்கள். எம்டெயில் கோ மொழியில் எழுதப்பட்டது; அதன் ரெகெக்ஸ் எஞ்சினில் அவை கிடையாது, விதி கம்பைல் ஆகாது. ஃபைல் பெயர் '.எம்டெயில்' என்று முடியாவிட்டால் பிழைகூடச் சொல்லாமல் ஓரமாக விட்டுவிடும்.

விதி சரி என்றால் அனுமதி. ஆத் லாகையும் என்ஜின்எக்ஸ் லாகையும் டெபியன் வகைச் சர்வர்கள் 0640 அனுமதியில் வைக்கின்றன. உரிமையாளரும் ஏ-டி-எம் என்ற மூன்றெழுத்து குரூப்பும் மட்டுமே படிக்கலாம். ரூட்டாக நின்று கேட் கட்டளையில் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு 'படிக்க முடிகிறதே' என்று சொல்வதில் பயனில்லை. எம்டெயில் எந்த யூசராக ஓடுகிறதோ அந்த யூசராகவே சூடோ வழியாகத் திறந்து பாருங்கள். மறுத்தால் அந்த யூசரை ஏ-டி-எம் குரூப்பில் சேர்த்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்குப் புது குரூப் தானாக ஒட்டாது. ஃபைலுக்கு அனுமதி இருந்து, மேலே உள்ள டைரக்டரிக்குள் நுழைய அனுமதி இல்லை என்றாலும் இதே நிலைதான். அப்ளிகேஷன் லாக் ஹோம் டைரக்டரியில் இருக்கிறதா? சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியின் சர்வீஸ் ஃபைலில் 'ப்ரொடெக்ட்ஹோம்' போட்டிருந்தால் எம்டெயிலின் கண்ணுக்கு அந்த டைரக்டரி காலியாகவே தெரியும். ரெட்ஹாட் வகைச் சர்வராக இருந்தால் எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பின் ஆடிட் லாகையும் ஒரு பார்வை பாருங்கள்.

அனுமதியும் சரி. அடுத்தது, எம்டெயில் வரிகளை வாங்குகிறதா என்ற கேள்வி. 'லாக்_லைன்ஸ்_டோட்டல்' என்ற எண் ஃபைல் வாரியாக ஏறிக்கொண்டிருக்க வேண்டும். அது ஏறி, உங்கள் கவுன்ட்டர் ஏறாவிட்டால் ரெகெக்ஸ்தான் பொருந்தவில்லை. அதுவே ஏறாவிட்டால் ரெகெக்ஸைத் தொடவே தொடாதீர்கள். ஃபைல் பாதை, அனுமதி, எழுதும் பக்கம் ஆகியவற்றிலேயே தேடுங்கள். இந்த ஒரு எண்ணைப் பார்க்கப் பழகிக்கொண்டாலே பாதி நேரம் மிச்சம்.

ரெகெக்ஸைச் சோதிக்க 'ஒன்_ஷாட்' ஆப்ஷன் இருக்கிறது. பழைய லாக் ஃபைலை முதல் வரியிலிருந்து வாசித்து, எண்ணி, முடிவைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இது இல்லாமல் சாதாரணமாக ஓட்டும்போது எம்டெயில் ஃபைலின் கடைசிக்குப் போய் அங்கிருந்துதான் வாசிக்க ஆரம்பிக்கும். நேற்றைய பிழைகள் ஏன் எண்ணிக்கையில் வரவில்லை என்பதற்கும், ரீஸ்டார்ட் ஆகும் இடைவெளியில் வந்த வரிகள் ஏன் விடுபடுகின்றன என்பதற்கும் இதுதான் விடை.

லேபிள் வைத்த கவுன்ட்டர், அந்த லேபிளுக்கான முதல் நிகழ்வு வரும்வரை பக்கத்தில் தோன்றவே தோன்றாது. இது கோளாறு இல்லை. ஆனால் இதனால் வேறொரு எண்ணிக்கைப் பிழை வரும், அது கீழே.

இன்னொரு காரணம் பஃபர். பைத்தான் ப்ரோகிராமின் வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பிவிட்டால், டெர்மினலில் வருவதுபோல் வரிக்கு வரி எழுதாது; சில கிலோபைட் சேர்ந்த பிறகு மொத்தமாகக் கொட்டும். ட்ராஃபிக் குறைந்த இரவில் ஒரு பிழை வரி மணிக்கணக்கில் மெமரியிலேயே உட்கார்ந்திருக்கும். என்ஜின்எக்ஸில் ஆக்சஸ் லாகுக்கு 'பஃபர்' கொடுத்தவர்கள் 'ஃப்ளஷ்' நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கவுன்ட்டர் படிக்கட்டு மாதிரி திடீர் திடீரென்று தாவினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

## அறிகுறி: ஓஎஸ் அப்கிரேடுக்குப் பிறகு நின்றுவிட்டது

எஸ்எஸ்எச் தோல்விகளை எண்ணுபவர்களுக்கு இது தனியாகவே வேண்டும். சமீப வருடங்களில் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன.

2023-இல் வந்த டெபியன் 12-இல், லாக் ஃபைல்களை எழுதும் ஆர்சிஸ்லாக் வழக்கமான நிறுவலில் சேர்வதில்லை. புதிதாக நிறுவிய சர்வரில் ஆத் லாக் ஃபைலே இருக்காது. எல்லாம் சிஸ்டம்டியின் சொந்தப் பதிவான ஜர்னலுக்குள் போய்விடும். ஆர்சிஸ்லாகை நிறுவிக்கொள்ளுங்கள், ஃபைல் திரும்ப வந்துவிடும்.

அதே டெபியன் 12-இல் ஆர்சிஸ்லாக் எழுதும் நேர வடிவமும் மாறியது. முன்பு வரி மாதப் பெயர், தேதி, மணி என்று தொடங்கும். இப்போது வருடத்தில் தொடங்கி வினாடியின் பின்னங்கள், நேர மண்டலம் வரை ஒரே சரமாக வருகிறது. 'வரியின் தொடக்கத்தில் மூன்றெழுத்து மாதம்' என்று நங்கூரம் போட்ட விதிகள் எல்லாம் ஒரே நாளில் ஊமையாகும்.

மூன்றாவது 2024-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.8. உள்நுழைவு வேலையை 'எஸ்எஸ்எச்டி-செஷன்' என்ற தனி ப்ரோகிராமாகப் பிரித்தார்கள். பல வரிகள் இப்போது அந்தப் பெயரில் வருகின்றன. 'எஸ்எஸ்எச்டி' என்ற பெயரை ஒட்டியே சதுர அடைப்பை எதிர்பார்க்கும் விதிக்கு ஒன்றும் பொருந்தாது. இதில் வருத்தமான விஷயம், கிராஃப் அழகாகக் கீழே இறங்கிப் பூஜ்யத்தில் நிற்கும். அப்கிரேடு செய்ததால் தாக்குதல் குறைந்துவிட்டது என்று நம்பத் தோன்றும். விதியில் '-செஷன்' என்ற பின்னொட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று எழுதிவிடுங்கள். பழைய சர்வருக்கும் புதியதற்கும் அது ஒன்றே போதும்.

## அறிகுறி: நள்ளிரவு வரை ஏறியது, அப்புறம் அசையவில்லை

நேரத்தைக் கேட்டதுமே சொல்லிவிடலாம்: லாக்ரொட்டேட். அது பழைய ஃபைலைப் பெயர் மாற்றி, புதிய ஃபைலை உருவாக்குகிறது. யார் பழையதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

எழுதுபவரே பிடித்துக்கொண்டிருக்கலாம். என்ஜின்எக்ஸுக்கு யுஎஸ்ஆர்1 சிக்னல் போனால்தான் அது ஃபைலை மூடித் திறக்கும். லாக்ரொட்டேட் கான்ஃபிக்கின் 'போஸ்ட்ரொட்டேட்' பகுதி இதற்குத்தான். அதை யாராவது நீக்கியிருந்தால் புதிய ஆக்சஸ் லாக் 0 பைட்டில் நிற்கும், '.1' என்று முடியும் பழைய ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். இரண்டின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் 'டிலீட்டட்' என்று வந்தாலும் இதே நோய்தான்.

புது ஃபைலின் அனுமதி தவறாக இருக்கலாம். முதல் நாள் கையால் அனுமதியைத் திருத்தியிருப்பீர்கள், எல்லாம் நன்றாக ஓடியிருக்கும். இரவு லாக்ரொட்டேட் 'கிரியேட்' வரியில் உள்ளபடி புது ஃபைலை உருவாக்கும். உங்கள் திருத்தம் போய்விடும். அனுமதியை ஃபைலில் திருத்தாதீர்கள், 'கிரியேட்' வரியில் திருத்துங்கள்.

கன்டெய்னருக்குள் எம்டெயில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. ஒற்றை லாக் ஃபைலை மட்டும் உள்ளே மவுன்ட் செய்தால், அது பெயரோடு கட்டப்படுவதில்லை; ஐநோடோடு, அதாவது டிஸ்க்கில் அந்த ஃபைலுக்கு உள்ள உள் எண்ணோடு, கட்டப்படுகிறது. வெளியே ஃபைல் மாறினாலும் கன்டெய்னருக்குள் பழையதே தெரியும். டைரக்டரியை மவுன்ட் செய்யுங்கள்.

'காப்பிட்ரங்கேட்' போட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே என்று தோன்றும். அது ஃபைலைக் காப்பி எடுத்து, பிறகு அசலைக் காலி செய்கிறது. இந்த இரண்டு செயலுக்கும் நடுவில் எழுதப்பட்ட வரிகள் போனது போனதுதான். சிக்னல் வாங்கத் தெரியாத பழைய அப்ளிகேஷனுக்கு வேறு வழியில்லாமல் வைக்கலாம். எண்ணிக்கை துல்லியமாக வேண்டிய இடத்தில் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

## அறிகுறி: எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவு

ஆத் லாகில் இப்படி ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள்: 'மெசேஜ் ரிப்பீட்டட் 5 டைம்ஸ்' என்று தொடங்கி, சதுர அடைப்புக்குள் முந்தைய செய்தியே மறுபடி இருக்கும். ஆர்சிஸ்லாகில் 'ரிப்பீட்டட்மெசேஜ்ரிடக்‌ஷன்' இயங்கினால், ஒரே செய்தி அடுத்தடுத்து வரும்போது அதைச் சுருக்கி எழுதும். உபுண்டுவின் கான்ஃபிக்கில் இது இயங்கும் நிலையிலேயே வந்திருக்கிறது. முதல் முயற்சி தனி வரியாக வந்தது, அடுத்த ஐந்தும் ஒரே வரியில் மடிந்தன. நடந்தது ஆறு, சாதாரண விதி எண்ணுவது இரண்டு. நங்கூரம் போட்ட விதியானால் ஒன்றுதான். பாஸ்வேர்டை வேகமாக முயன்று பார்க்கும் தாக்குதலில்தான் இப்படிச் சுருங்கும். அதாவது, சரியான எண்ணிக்கை அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் குறைத்துக் காட்டும். அந்த அமைப்பை நிறுத்திவிடுவது நல்லது. நிறுத்த முடியாவிட்டால், சுருக்க வரிக்குத் தனி விதி எழுதி, அதில் வரும் எண்ணைப் பிடித்து, கவுன்ட்டரில் ஒன்றுக்குப் பதிலாக அந்த எண்ணையே கூட்டுங்கள். எம்டெயிலில் இது ஒரு வரி வேலை.

வரிகள் ஃபைலுக்கே வராமலும் போகலாம். ஜர்னலை எழுதும் ஜர்னல்டி ஒரு சர்வீஸிடமிருந்து வழக்கமாக 30 வினாடிக்கு 10000 செய்திகள் வரைதான் வாங்கும். மீறினால் மீதியைக் கைவிட்டு, எத்தனை விட்டது என்று 'சப்ரெஸ்டு' எனத் தொடங்கும் ஒரு வரி எழுதும். அந்த வரியையும் ஒரு கவுன்ட்டராக எண்ணி வையுங்கள். அது ஏறிய நேரத்தில் மற்ற எண்களை நம்ப வேண்டாம் என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

அப்பாச்சி வெப் சர்வரின் லாகில் 304 (பக்கம் மாறவில்லை) பதில்கள் மட்டும் காணாமல் போகின்றனவா? பதிலில் உடல் இல்லாதபோது அப்பாச்சியின் வழக்கமான வடிவம் அளவு இடத்தில் 0 எழுதாது; ஒரு சிறுகோடு போடும். அங்கே இலக்கம் மட்டும் எதிர்பார்த்த விதி அந்த வரி முழுவதையும் தள்ளிவிடும்.

பிராமிதியஸ் பக்கத்தில் ஒரு குறைவு இருக்கிறது. லேபிள் வைத்த கவுன்ட்டர் முதன்முறை தோன்றும்போதே மதிப்பு 1 என்று தோன்றுகிறது. முன்பு 0 இருந்ததை பிராமிதியஸ் பார்க்கவில்லை, ஆகவே 'இன்க்ரீஸ்' (எவ்வளவு ஏறியது) கேட்டால் 0 என்று சொல்லும். அபூர்வமாக வரும், ஆனால் வந்தால் எழுப்பியே ஆகவேண்டிய நிகழ்வு, உதாரணமாக டிஸ்க் பிழை, இப்படித்தான் நழுவுகிறது. அப்படிப்பட்டவற்றுக்கு லேபிள் இல்லாத தனி கவுன்ட்டர் வையுங்கள். நிகழ்வு வருவதற்கு முன்பே அது பக்கத்தில் 0 என்று நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

## அறிகுறி: எண்ணிக்கை உண்மையைவிட அதிகம்

என்ஜின்எக்ஸ் லாகில் 500 வகைப் பிழைகளை எண்ண, 'இடைவெளி, ஐந்து, இரண்டு இலக்கம், இடைவெளி' என்று விதி எழுதுவது வழக்கம். ஒரு நல்ல வரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்: மேற்கோளில் கோரிக்கை, அதற்குப் பிறகு 200, அதற்குப் பிறகு 512. 200 என்பது நிலைக் குறி, 512 என்பது அனுப்பிய பைட்டுகள். விதி 512-ஐப் பிடித்துக்கொண்டு அதைப் பிழை என்று எண்ணும். 500 முதல் 599 பைட் வரை உள்ள சிறு பதில்கள், ஐகான், சின்ன ஜேசான், எல்லாமே பிழையாகிவிடும். கோரிக்கையை மூடும் மேற்கோள் குறியையும் விதியில் சேர்த்து, அதை ஒட்டி வரும் எண்ணை மட்டும் பிடியுங்கள்.

அடுத்த சந்தேகம் ஃபைல் பெயரில் போடும் நட்சத்திரம். 'ஆக்சஸ்.லாக்' என்பதற்குப் பின்னால் நட்சத்திரம் போட்டால், சுழற்றிய பழைய ஃபைலும் அந்த வலைக்குள் வந்துவிடும். '.லாக்' என்று முடிபவை மட்டும் என்று குறுக்குங்கள். லாக்ரொட்டேட்டில் தேதியை நடுவில் செருகும் அமைப்பு இருந்தால் பழைய ஃபைலும் '.லாக்' என்றே முடியும். அங்கே முழுப்பெயரையே கொடுத்துவிடுங்கள்.

ஜாவா ஸ்டாக் ட்ரேஸில் (ஒரு பிழை வந்த பாதையைக் காட்டும் பல வரிப் பதிவு) 'எக்ஸெப்ஷன்' என்ற சொல்லை எண்ணினால், 'காஸ்டு பை' வரிகளும் சேர்ந்து ஒரு பிழை மூன்றாகும். நேரமும் லெவலும் உள்ள தலை வரியை மட்டும் எண்ணுங்கள்.

## அறிகுறி: கிராஃபில் நம்ப முடியாத உச்சங்கள்

கவுன்ட்டர் பூஜ்யத்துக்கு விழுவது ரீஸ்டார்ட்டின் அடையாளம், அது இயல்பு. 'ரேட்' (வினாடிக்கு ஏறும் வேகம்) அதைப் புரிந்துகொண்டு கணக்கை ஒட்டிக்கொள்ளும். ஆனால் மூன்று சர்வர்களின் கவுன்ட்டரை முதலில் 'சம்' செய்து, அந்தக் கூட்டுத்தொகைக்கு ரேட் எடுத்தால், ஒரு சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் மொத்தமே விழுந்து எழுந்ததாகக் கணக்காகி, கிராஃப் வானத்துக்குப் போகும். முதலில் ரேட், பிறகு சம். வரிசையை மாற்றக்கூடாது.

உச்சங்கள் இடைவிடாமல் வந்தால் லோட் பேலன்சரைப் பாருங்கள். அதன் முகவரியை டார்கெட்டாகக் கொடுத்திருந்தால், ஒருமுறை ஒரு சர்வர் 90000 என்று சொல்லும், அடுத்தமுறை இன்னொன்று 300 என்று சொல்லும். ஒவ்வொரு இறக்கத்தையும் ரீஸ்டார்ட் என்று பிராமிதியஸ் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சர்வரையும் தனித்தனி டார்கெட்டாகவே எழுத வேண்டும்.

நடந்தது ஒரே நிகழ்வு, இன்க்ரீஸ் 1.25 என்கிறது என்றால் பதற வேண்டாம். 1 நிமிட ஸ்க்ரேப்பில் 5 நிமிடச் சாளரத்துக்குள் விழும் ஐந்து அளவுகள் 4 நிமிடத்தைத்தான் மூடுகின்றன. மீதியை பிராமிதியஸ் விகிதப்படி நீட்டிக்கொள்கிறது. ரேட் வெறுமையாக வந்தால் சாளரம் சின்னது. குறைந்தது இரண்டு அளவுகள் உள்ளே விழ வேண்டும். ஸ்க்ரேப் இடைவெளியின் நான்கு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விதி ஃபைலின் பெயரை மாற்றியதும் பழைய கோடு அறுந்து புதுக் கோடு தொடங்கினால், எம்டெயில் அந்தப் பெயரை லேபிளாகச் சேர்ப்பதுதான் காரணம். வேண்டாம் என்றால் அதை நிறுத்த ஆப்ஷன் இருக்கிறது.

## அறிகுறி: எம்டெயிலின் மெமரி ஏறிக்கொண்டே போகிறது

லேபிளில் என்ன வைத்திருக்கிறீர்கள்? ஐபி முகவரி, முழு யூஆர்எல், யூசர் ஐடி, செஷன் ஐடி: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒவ்வொரு புது மதிப்புக்கும் ஒரு புதுத் தொடர் (தனி எண்ணிக்கைக் கோடு) பிறக்கும், தானாகச் சாகாது. இணையத்தைப் பார்த்து நிற்கும் எஸ்எஸ்எச் போர்ட்டில் ஐபி-யை லேபிளாக வைத்தால், தாக்குபவரே உங்கள் மெமரியை நிரப்பிவிடலாம். ஐபி-யை லாகிலேயே விடுங்கள். எத்தனை என்பதற்குத்தான் கவுன்ட்டர், யார் என்பதற்கு லாக் இருக்கிறது. லேபிளுக்கு ஏற்றது நிலைக் குறி, மெதட் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடியவை. தவிர்க்கவே முடியாதபோது, குறித்த நேரம் தொடப்படாத தொடரை நீக்கச் சொல்லும் 'டெல் ... ஆஃப்டர்' வசதி எம்டெயிலில் உண்டு.

## அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, அலெர்ட் மட்டும் வரவில்லை

'பிழை 10-ஐத் தாண்டினால் எழுப்பு' என்ற அலெர்ட், தொடரே இல்லாதபோது எதையும் எழுப்பாது. வெறுமை 10-ஐவிடப் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. பிராமிதியஸுக்கு ஒப்பிட ஒன்றும் கிடைப்பதில்லை. டார்கெட் விழுந்தாலும் இதே கதை. ஆகவே ஒவ்வொரு பிழை அலெர்ட்டுக்கும் துணையாக மூன்று வையுங்கள்: டார்கெட்டை எட்ட முடிகிறதா என்று சொல்லும் 'அப்' என்ற மெட்ரிக் 0 ஆனால் ஒன்று, தொடர் காணாமல் போனால் 'ஆப்சென்ட்' கொண்டு ஒன்று, அந்த ஃபைலின் லாக்_லைன்ஸ்_டோட்டல் வழக்கமான நேரத்துக்கு ஏறாமல் நின்றால் ஒன்று.

ட்ராஃபிக் இல்லாத சர்வரில் மூன்றாவது வீணாக எழுப்பும். அங்கே, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லாகர் கட்டளையால் ஒரு அடையாள வரியை எழுதவிடுங்கள். அதற்கென்று தனி டேக், தனி விதி, தனி கவுன்ட்டர்; ஃபெசிலிட்டி மட்டும் அதே 'ஆத்பிரிவ்'. பதினைந்து நிமிடம் அது ஏறாவிட்டால் ஆர்சிஸ்லாக், லாக்ரொட்டேட், அனுமதி, எம்டெயில், ஃபயர்வால் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. உடனே மேலே சொன்ன மூன்று பார்வைகளில் முதலாவதிலிருந்து தொடங்குங்கள். ஆத் லாகில் அந்த வரி இருக்கிறதா?